சின்னத் தகடு ஒன்றும் சில பூட்டுகளும்: மசில் காரை முதலில் மாற்றியவர்களின் கதை

2001இல் வந்த முதல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தைப் பார்க்காதவர்கள் எங்கட வயதில் குறைவு. அதில் வருகிற கறுப்பு நிற 1970 டொட்ஜ் சார்ஜர் ஞாபகம் இருக்கும். பொனற்றுக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும் சுப்பர்சார்ஜர், வீட்டை அதிர வைக்கும் சத்தம். பழைய அமெரிக்கக் காரை ‘மொடிஃபை’ பண்ணுவதென்றால் அப்படித்தான் என்று கனகாலமாக நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உண்மையில் அப்படி இல்லை. 1960களில் அந்தக் கார்களை வாங்கிய இளைஞர்களில் பெரும்பாலானவர்களிடம் சுப்பர்சார்ஜருக்குக் காசு இருக்கவில்லை. அவர்கள் முதலில் செய்தது சின்னச் சின்ன வேலைகள். சில வேளைகளில், புதிதாக ஒன்றைப் பூட்டவே இல்லை, இருந்த ஒன்றைக் கழற்றினார்கள். அந்தச் சின்ன வேலைகளின் வரலாற்றைத் தேடிப் போனபோது, இது வெறும் கார்க்கதை இல்லை என்று எங்களுக்குப் பட்டது. ஒரு இயந்திரத்துக்குள் யார், எதற்காகப் பூட்டுப் போடுகிறார்கள், அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

ஒரு தகட்டின் கதை

1967இல் பொன்ரியாக் நிறுவனம் ‘ஃபயர்பேர்ட்’ என்ற காரை வெளியிட்டது. அதன் வேகமான வகையில் இருந்தது 400 கன அங்குல வி8 எஞ்சின். அதே நிறுவனத்தின் ஜி.டி.ஓ. காரிலும் 400 கன அங்குல எஞ்சின்தான். ஆனால் ஜி.டி.ஓ.வில் அதற்கு 335 முதல் 360 பரிவலு என்று எழுதியிருந்தது. ஃபயர்பேர்டில் 325 மட்டும்.

காரணம் எஞ்சினில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது. பொன்ரியாக்கின் தாய்க்கம்பனி ஜெனரல் மோட்டர்ஸ். கொர்வெற்றைத் தவிர்ந்த தன்னுடைய எந்தக் காரும் 10 இறாத்தல் எடைக்கு 1 பரிவலுவுக்கு மேல் கொண்டிருக்கக்கூடாது என்று அது உள்விதி ஒன்று வைத்திருந்தது. ஃபயர்பேர்ட் எடை குறைந்த கார், அதனால் பரிவலுவும் குறைந்தாக வேண்டும். அதற்காக எஞ்சினையே மாற்றி வடிவமைக்கிறதென்றால் செலவு. எனவே காபரேற்றரின் இணைப்பில் ஒரு சின்ன உலோகத் தகட்டை வைத்தார்கள். ஓட்டுபவர் பெடலை அடியோடு மிதித்தாலும், காபரேற்றரின் பின்பக்க வாய்கள் முழுதாகத் திறக்காது.

விசயம் தெரிந்தவர்கள் பொனற்றைத் திறந்து அந்தத் தகட்டை வளைத்து விட்டார்கள், இல்லாவிட்டால் கழற்றி விட்டார்கள். செலவு ஒன்றுமில்லை, நேரமும் சில நிமிடம். மசில் காரின் முதல் ‘அப்கிரேட்’ எது என்று எங்களிடம் கேட்டால், நாங்கள் இதைத்தான் சொல்லுவோம்.

காபரேற்றர் என்ன செய்கிறது?

இந்தக் கதை விளங்க, காபரேற்றரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடி அமுக்கம் குறையும். குறைந்த அமுக்கம், பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணத்திலிருந்து பெற்றோலை இழுக்கும். எவ்வளவு பெற்றோல் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ‘ஜெற்’ எனப்படும் பித்தளைத் துண்டின் நடுவில் உள்ள துளை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது பேர்னூலியின் தத்துவம். எங்களைப் போலக் கலைப்பிரிவுக்காரருக்கு, வாசனைத் தண்ணீர்ப் போத்தலின் தலையை அமுக்கும்போது நடப்பதை நினைத்தால் போதும்.

இதில் மின்னணு இல்லை, மென்பொருள் இல்லை. ஸ்குறூட்ரைவர் இருந்தால் கழற்றலாம், கண்ணால் பார்க்கலாம், துளை சிறிதாக இருந்தால் பெரிய துளையுள்ள ஜெற்றைப் போடலாம். கார் வைத்திருந்த ஒவ்வொரு இளைஞனும் கொஞ்சம் எஞ்சினியராக முடிந்ததற்கு முக்கிய காரணம் இந்தப் பொருள்தான்.

உலர்ந்த ஏரியிலிருந்து விளம்பரப் பலகைக்கு

மாற்றும் பழக்கம் மசில் காரோடு தொடங்கியதல்ல. 1932இல் ஃபோர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சின் கார் விற்கத் தொடங்கியது. தெற்குக் கலிபோர்னியாவில் மியூறொக் போன்ற உலர்ந்த ஏரித் தரைகளில் இளைஞர்கள் அந்தக் கார்களைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். 1937இல் அதற்கென்று ஒரு நேரக்கணிப்புச் சங்கமும் அங்கே உருவானது. கராஜ் வைத்திருந்த விக் எடெல்புரொக் என்பவர் 1938இல் தன்னுடைய 1932 ஃபோர்ட் காருக்காக ஒரு ‘மனிஃபோல்ட்’ செய்தார். காபரேற்றரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெற்றோலையும் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி அது. அதைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். ஒரு கராஜ் வேலை பிறகு பெரிய நிறுவனமானது. போருக்குப் பிறகு இந்தப் பழக்கம் இன்னும் பரவியது. 1948 ஜனவரியில் ‘ஹொட் றொட்’ சஞ்சிகை வந்தது. 1951இல் தேசிய ஹொட் றொட் சங்கம் உருவானது.

கார்க் கம்பனிகள் இதை முதலில் தூரத்தில் நின்று பார்த்தன. 1953 டிசெம்பரில் சோறா ஆர்க்கஸ் டன்ரொவ் என்ற எஞ்சினியர் செவ்ரொலே மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்கள் ஃபோர்ட் காரோடுதான் வளர்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர்கள் மாற்றிப் பூட்டக்கூடிய பாகங்களை நாங்களே செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இளைஞர்களின் கைவேலை ஒரு சந்தையாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடம் இது என்று நாங்கள் நினைக்கிறோம்.

பத்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சந்தை முழுதாகத் திறந்தது. போர் முடிந்த கையோடு 1946இல் பிறந்தவர்களுக்கு 1964இல் வயது 18. அந்த வருடம் பொன்ரியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜோன் டிலோரியனும் அவருடைய ஆட்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது கம்பனி விதி. அவர்கள் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக இல்லாமல், லீ மான்ஸ் காருக்கு விரும்பினால் வாங்கக்கூடிய ‘மேலதிகப் பொதி’யாக வைத்தார்கள். ஜி.டி.ஓ. இப்படித்தான் பிறந்தது. முதல் வருடமே 32,450 கார்கள் விற்றன. மசில் காரே ஒரு விதியைச் சுற்றிப் போனதால் உருவான பொருள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொப்கற் பொதி, ஒரு பொய்

டெற்றொய்ற் நகரத்துக்குப் பக்கத்தில் றோயல் ஓக் என்ற ஊர். அங்கே ‘றோயல் பொன்ரியாக்’ என்ற விற்பனை நிலையம் ‘பொப்கற்’ என்ற பெயரில் ஒரு மாற்றப் பொதியை விற்றது. அதில் என்ன இருந்தது என்று பார்த்தால், அந்தக் காலத்தின் முதல் திருத்தங்களின் பட்டியலே கிடைக்கும்.

மெல்லிய ஹெட் காஸ்கற்: எஞ்சினின் தலையும் உடலும் இன்னும் நெருங்கும், சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். காபரேற்றருக்குப் பெரிய ஜெற்றுகள். டிஸ்ரிபியூற்றருக்கு வேறு அமைப்பு: தீப்பொறி முன்கூட்டியே விழத் தொடங்கும். கம்பனி, நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்கும் மட்டமான பெற்றோலுக்கும் எஞ்சின் தாங்க வேண்டும் என்று இதைப் பின்னுக்கு வைத்திருக்கும். பிறகு, புகைவெப்பம் காபரேற்றரின் அடிக்கு வரும் வழியை அடைக்கும் காஸ்கற். பனிக்காலக் காலையில் எஞ்சின் இலேசாக வேலை செய்யத்தான் அந்த வெப்பவழி. கோடையில் அது காற்றைச் சூடாக்கிச் செறிவைக் குறைக்கும்.

பெரிய பாகம் ஒன்றும் இல்லை. கம்பனி எல்லா ஊருக்கும், எல்லாக் காலநிலைக்கும், எல்லா ஓட்டுநருக்கும் பொதுவாக வைத்த அளவை, ஒரே ஒரு ஓட்டுநருக்கு ஏற்ற அளவாக மாற்றுவதுதான் இதன் இரகசியம்.

இந்தப் பொதியோடு ஒரு பொய்யும் சேர்ந்திருக்கிறது. 1964 மார்ச் ‘கார் அண்ட் டிரைவர்’ சஞ்சிகை பொன்ரியாக் ஜி.டி.ஓ.வை ஃபெராரி ஜி.டி.ஓ.வோடு அட்டைப்படத்தில் மோதவிட்டது. பொன்ரியாக் 60 மைல் வேகத்தை 4.6 செக்கனில் தொட்டதாக எழுதியது. உண்மையில் அந்தப் பரிசோதனைக்கு ஃபெராரி வரவே இல்லை. கொடுக்கப்பட்ட பொன்ரியாக் கார்கள் றோயல் கராஜில் தயார் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றில் 389க்குப் பதிலாகப் பெரிய 421 கன அங்குல எஞ்சின் இருந்ததைப் பொன்ரியாக்கின் விளம்பரக்காரர் ஜிம் வாங்கர்ஸ் பல வருடங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். கட்டுரையை நம்பிக் காரை வாங்கிய இளைஞன், தன்னுடைய கார் ஏன் அப்படி ஓடுதில்லை என்று யோசித்திருப்பான். பதில் தேடி மாற்றப் பாகம் வாங்கவும் போயிருப்பான்.

பரிவலு எண்களும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியே மேசையில் வைத்து, காற்றுவடிகட்டி, சைலன்சர் போன்றவை இல்லாமல் அளந்த உச்சத்தைத்தான் விளம்பரம் சொன்னது. 1971இல் ஜெனரல் மோட்டர்ஸ் இரண்டு அளவையும் வெளியிட்டபோது, கொர்வெற்றின் அடிப்படை எஞ்சின் பழைய கணக்கில் 270, காரில் உள்ளபடி அளந்தால் 210. அறுபது குதிரைகள் காகிதத்தில் மட்டும் ஓடியிருக்கின்றன.

பெரியது எல்லாம் நல்லதல்ல

மாற்றத் தொடங்கியவர்களின் வழமையான வரிசை இப்படி இருந்தது: முதலில் தீப்பொறி நேரமும் ஜெற்றும். அடுத்தது புகைக்குழாய். கம்பனி போடும் வார்ப்பிரும்புக் குழாய் மலிவு, ஆனால் புகையை நெரிக்கும். அதற்குப் பதிலாகத் தனித்தனி நீண்ட குழாய்கள் கொண்ட ‘ஹெடர்’ பூட்டினார்கள். பிறகு எடெல்புரொக் போன்றவர்களின் அலுமினிய மனிஃபோல்ட், அதற்குமேல் ஹொலி அல்லது கார்ட்டர் நிறுவனத்தின் நான்கு வாய்க் காபரேற்றர். அதற்குப் பிறகு பின் அச்சின் பற்சக்கர விகிதம்.

இங்கேதான் கனபேர் பிழை விட்டார்கள். காபரேற்றர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம் என்று நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் கொள்ளளவை உச்சச் சுழற்சியால் பெருக்கி 3456ஆல் பிரித்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று தேவை என்று வரும். 350 கன அங்குல எஞ்சின், 5500 சுழற்சி என்றால் 557. தெரு எஞ்சின் தன் கொள்ளளவில் 85 வீதம் அளவில்தான் நிரம்பும் என்று வைத்தால் 473. ஆக, 600 கன அடிக் காபரேற்றர் தாராளம். ஆனால் 750, 850 என்று வாங்கிப் பூட்டினால் என்ன நடக்கும்? கழுத்து பெரிதானால் காற்றின் வேகம் குறையும், பெற்றோலை இழுக்கும் உறிஞ்சல் குறையும், சிக்னலில் நின்று புறப்படும்போது எஞ்சின் இருமும். காசும் போய், வேகமும் போய்.

மறந்துபோன பிரேக்

இந்த வரிசையில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது, அதில் இல்லாத ஒன்று. பிரேக்.

1964 ஜி.டி.ஓ.வுக்கு நான்கு சக்கரத்திலும் இருந்தது 9.5 அங்குல டிரம் பிரேக். அக்காலத்து அநேக அமெரிக்கக் கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு தொகுதிதான். ஒரு இடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனித் தொகுதி என்பது 1967 அளவில்தான் பொதுவானது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. ஆனால் விளம்பரத்தில் 0 இலிருந்து 60 வரும், 60 இலிருந்து 0 வராது.

1965இல் றால்ஃப் நாடர் எழுதிய நூல் கார்க் கம்பனிகள் பாதுகாப்பை எப்படிப் பின்தள்ளின என்று காட்டியது. அடுத்த வருடமே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருந்தும் 1972இல் அமெரிக்க வீதிகளில் இறந்தவர்கள் 54,000க்கும் மேல். இதெல்லாம் மசில் காரால் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 18 வயதுக்காரனிடம் வேகத்தை விற்றவர்கள், நிற்பதற்கான பொருளை அதே உற்சாகத்தோடு விற்கவில்லை. இன்றைக்கு அப்படி ஒரு பழைய காரை எடுத்துத் திருத்துபவர்கள் முதலில் இரட்டைத் தொகுதிப் பிரேக்கும், முன்சக்கரத்துக்கு டிஸ்க்கும், றேடியல் ரயரும் போடச் சொல்வார்கள். அந்த அறிவு வர ஒரு தலைமுறை எடுத்திருக்கிறது.

பூட்டு யாருக்காக?

1970களின் தொடக்கத்தில் அந்தக் காலம் முடிந்தது. காப்புறுதிக் கட்டணம் இளம் ஓட்டுநர்களுக்கு ஏறியது. 1970 இறுதியில் தூய காற்றுச் சட்டம் கைச்சாத்தானது. 1971 மாடல்களிலேயே ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின் அமுக்கத்தைக் குறைத்தது. 1973இல் எண்ணெய்த் தடை வந்தது. புகையைக் குறைக்கும் கருவிகளைக் கழற்றுவதும் சட்டப்படி குற்றமானது. மாற்றுபவர்கள் பலருக்கு இது கோபம். தகட்டைக் கழற்றிய அதே கை, இந்தக் கருவிகளையும் கழற்றிப் போட்டது.

எங்களுக்குள்ளும் இதில் விவாதம் வந்தது. சொந்தக் காரை மாற்றுவது சொந்த உரிமைதானே என்று ஒரு பக்கம். ஆனால் இரண்டு பூட்டும் ஒன்றல்ல. ஃபயர்பேர்டின் தகடு, கம்பனி தன்னுடைய உள்விதிக்காகப் போட்டது. அதைக் கழற்றினால் மாறுவது அந்த விதியின் மரியாதை. புகைக் கருவி, லொஸ் ஏஞ்சலீஸில் புகைமூட்டத்துக்குள் மூச்சுவிட்ட பிள்ளைகளுக்காகப் போட்டது. அதைக் கழற்றுபவன் தன்னுடைய காரை மட்டும் மாற்றவில்லை, பக்கத்து வீட்டுக்காரனின் காற்றையும் சேர்த்து மாற்றுகிறான். எல்லாப் பூட்டையும் உடைப்பதுதான் சுதந்திரம் என்றோ, எல்லாப் பூட்டும் எங்கள் நன்மைக்கே என்றோ சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கட ஊர்க் காபரேற்றர்

இதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். எங்கட வீதியில் ஜி.டி.ஓ. ஓடியதில்லைத்தான். ஆனால் காபரேற்றரைத் திறந்து பார்த்த தலைமுறை ஒன்று இங்கேயும் இருந்தது.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தச் சில துளி பெற்றோல் வீட்டில் தங்கம் மாதிரி. வீதி முழுக்க வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமும். எங்கட அம்மா அப்பாவின் ஞாபகத்தில் அந்த மணம் இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு பொறியியல் உண்மையும் இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு, அமுக்கம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டும். 1964 ஜி.டி.ஓ.வின் அமுக்க விகிதம் 10.75. அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் தாங்கியிராது. பழைய ஒஸ்ரினுக்கு விகிதம் 7 அளவுதான், அதனால்தான் அது தாங்கியது. அமெரிக்க இளைஞன் பலவீனம் என்று திருத்திய அதே குணம்தான் எங்கட ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோன காரை ஓட வைத்தது.

அமெரிக்காவில் காபரேற்றர் திறக்கப்பட்டது வேகத்துக்காக, இங்கே நகர்வதற்காக. இரண்டையும் சமப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. ஒன்று விளையாட்டு, மற்றது முற்றுகை. ஆனால் இரண்டு இடத்திலும் அது முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: சாதாரண ஆள் திறந்து, பார்த்து, விளங்கிக்கொள்ளக்கூடியதாக அந்த இயந்திரம் இருந்தது.

1990களின் தொடக்கத்தோடு அமெரிக்கப் புதுக் கார்களிலிருந்து காபரேற்றர் போய்விட்டது. இப்போதைய எஞ்சின்கள் குறைந்த எண்ணெயில் கூடத் தூரம் ஓடுகின்றன, புகையும் குறைவு. நல்லதுதான். ஆனால் தகடு இருந்த இடத்தில் இப்போது மென்பொருள் இருக்கிறது, அதை வளைக்க ஸ்குறூட்ரைவர் போதாது. அந்தக் காலத்து ஆட்கள் உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ இருந்தால், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையை ஒருக்கால் கேளுங்கள். எந்தக் குழாயை எங்கே பூட்டினார்கள் என்று விபரமாகக் கேட்டு எழுதி வையுங்கள். எடெல்புரொக்கின் கராஜுக்கு வரலாறு எழுத ஆட்கள் இருந்தார்கள். எங்கட கராஜ்காரர்களுக்கு நாங்கள்தான் எழுத வேண்டும்.